சேற்றரின் குரல்

கேப்டன் பொம்மையின் சட்டையைக் கழற்றத் தபீதாள் லேசாகத்தான் இழுத்தாள். கை தோளோடு கழன்று அவள் மடியில் விழுந்தது. உள்ளே அடைத்திருந்த ஸ்பான்ஜ் இத்தனை வருஷத்தில் உருகிப் பழைய வெல்லப்பாகு மாதிரி ஆகிவிட்டிருந்தது. தொட்ட இடமெல்லாம் பிசுபிசுத்தது. விரலைப் புடவையில் துடைத்தால் புடவையும் பிசுபிசுத்தது. எலிப் புழுக்கையும் மழையில் ஊறிய சாக்கும் கலந்த ஒரு வாடை பெட்டிக்குள்ளிருந்து கிளம்பிக் கார் ஷெட் முழுக்க நிறைந்தது.

“பார்த்தும்மா, பார்த்து,” என்றார் வாசலில் நின்ற தோத்தாத்ரி. மூக்கில் கைக்குட்டை. “எல்லாம் நானே கையால பண்ணினது. குழந்தைகள் மாதிரி எனக்கு.”

குழந்தை என்றால் இப்படியா பெட்டிக்குள் போட்டு அழுக விடுவார்கள் என்று தபீதாளுக்குத் தோன்றியது. தோன்றுவதைச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா போன பிறகு அவளும் அப்பா துரைராஜும்தான். சர்ச்சில் நடந்த தையல் வகுப்பில் கற்றுக்கொண்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அளவு எடுக்க வரும் பெண்கள் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். இவள் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

தோத்தாத்ரியின் வீடு சேலையூரில். எண்பத்தைந்தில் அவர் டி.வி.க்காக ஒரு பொம்மைத் தொடர் எடுத்திருந்தார். பெயர் ‘வானக்கப்பல்’. ராக்கெட்டில் கிரகம் கிரகமாகப் போகிற கேப்டன் தருணும் அவன் ஆட்களும், அவர்கள் போய் இறங்குகிற ஒரு கிரகத்தில் வாழ்கிற பச்சை முகத்துச் சேற்றர்களும்தான் கதை. இப்போது தொண்ணூற்றேழில், கேபிளில் வரும் சேனல் ஒன்று அதை மறுபடியும் போடக் கேட்டிருந்தது. கடைசி வாரத்தை மட்டும் புதிதாக எடுத்துத் தர வேண்டும். பொம்மைகளுக்குத் துணி புதிதாகத் தைக்க வேண்டும். மனைவியின் ரவிக்கைகளைத் தைப்பவளை ஞாபகம் வைத்து அவர் ஆள் அனுப்பினார்.

‘வானக்கப்பல்’ என்ற பெயரைக் கேட்டதும் தபீதாள் சரி என்றாள். அந்தத் தொடர் அவளுக்கு உயிர். அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் அவர்கள் தெருவில் டி.வி. இருந்தது கங்கையம்மாள் வீட்டில் மட்டும். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்தக்காரப் பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்து உட்காருவார்கள். பின்வரிசைக் குடிசைப் பிள்ளைகளோடு தபீதாள் ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். வெளியே கூச்சல் அதிகம் என்று கங்கையம்மாள் கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுவாள். திரையை மட்டும் இழுக்க மாட்டாள். “பாத்துட்டுப் போவட்டும், பாவம்,” என்பாள். அவள் செய்த தர்மம் அவ்வளவுதான்.

ஆகவே படம் தெரிந்தது. ஒரு பேச்சும் கேட்டதில்லை. ஜன்னல் பிள்ளைகள் கதையைத் தாங்களே பேசிக்கொண்டார்கள். எந்தப் பொம்மைக்கு யார் பேசுவது என்று சண்டை நடக்கும். மற்ற நேரத்தில் வாய் திறக்காத தபீதாள் அந்த ஜன்னலில் மட்டும் பச்சை முகத்துக் கிழவனுக்குப் பேசுவாள். தொங்கிய கன்னமும் கிழிசல் துணியுமாக இருந்த அந்தப் பொம்மைக்குப் ‘பெரியப்பா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைக் கேப்டன் ராக்கெட்டிலிருந்து இறங்கிச் சேற்றில் கம்பம் நடுவான். “யோவ் வெள்ள சட்ட, எங்க வூட்டாண்ட வந்து எதுக்கு கல்லு நட்ற? பட்டா கீதா உங்கையில?” என்று பெரியப்பா கேட்பார். ஜன்னலில் நிற்கும் அத்தனை பேரும் கை தட்டுவார்கள். அவர்கள் கதையில் பச்சை ஆட்கள்தான் நல்லவர்கள். தங்கள் மண்ணைக் காப்பவர்கள், இருப்பதைப் பகிர்ந்து தின்பவர்கள். கடைசி வாரம் ராக்கெட்டிலிருந்து நெருப்பு பொங்கியது. பச்சை ஆட்கள் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார்கள். கேப்டன் தோற்று ஊருக்குத் திரும்புகிறான், இவர்கள் டாட்டா காட்டுகிறார்கள் என்று ஜன்னல் முடிவு செய்தது. தபீதாளும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு டாட்டா காட்டினாள்.

வேலைக்குப் போன இரண்டாம் நாள், பழைய துணிகளின் வெட்டு எப்படி இருந்தது என்று காட்டுவதற்காகத் தோத்தாத்ரி கூடத்தில் வீடியோ டெக்கைப் போடச் சொன்னார். அவருடைய தம்பி மகள் வேதா, காட்டாங்குளத்தூரில் காலேஜ் படிக்கிறவள், கேசட்டைச் செருகினாள். தபீதாள் வாசற்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். இந்த முறை சத்தத்தோடு பார்க்கப் போகிறாள்.

கேப்டன் தருண் சேற்றில் இறங்கினான். “அஞ்சாதீர்கள்! நாம் அறிவின் மைந்தர்கள்!” என்றான். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல ஒரு குரல். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டான். “என்ன துர்நாற்றம்! அண்டத்தின் குப்பையெல்லாம் இங்கேதான் வந்து விழுகிறதோ?”

குப்பைக் குவியலுக்குப் பின்னாலிருந்து பெரியப்பா தலை நீட்டினார்.

“ஐயய்யே, யார்ரா அது? துன்றதுக்கு எதுனா கீதா நைனா?”

சொல்லி முடித்ததும் நாக்கைச் சப்புக் கொட்டும் சத்தம். ச்ளப், ச்ளப். பின்னணியில் குழந்தைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

தபீதாளுக்கு முதலில் புரியவில்லை. டெக்கில் ஏதோ கோளாறு, வேறு படத்தின் பேச்சு கலந்துவிட்டது என்று நினைத்தாள். அடுத்த சேற்றனும் அப்படியே பேசினான். “குப்ப துன்னாதான் தெம்பு வரும் நைனா,” என்றான். ச்ளப், ச்ளப். சிரிப்பு. அவள் அப்பாவைக் கூப்பிடுகிற சொல் அந்த ‘நைனா’. தெருக்குழாயில், ரேஷன் கடையில், அம்மாவின் சாவில் அழுதபோது அவள் பேசிய பேச்சு அது. அந்தத் தொடரில் மனிதர்களுக்கு ஒரு தமிழ் இருந்தது. குப்பை தின்கிறவர்களுக்கு இந்தத் தமிழ்.

கடைசி வாரமும் வந்தது. “இந்த அழுக்கு அண்டத்தில் பரவக் கூடாது,” என்றான் கேப்டன். நெருப்பு பொங்கியது. பச்சைக் கைகள் மேலே எழுந்து ஆடின. “வேவுதே நைனா! வேவுதே!” என்று கத்தினார்கள். பின்னணிக் குழந்தைகள் முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள்.

வேதாவும் சிரித்தாள். “பெரியப்பா, செம காமெடி!” என்றாள் தோத்தாத்ரியிடம். பிறகு திரும்பி, “உங்களுக்குப் பிடிச்சிருக்கா அக்கா?” என்றாள்.

“துணி நல்லா தெரியுது,” என்றாள் தபீதாள்.

எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். விரலில் அப்பிய ஸ்பான்ஜ் தண்ணீருக்குப் போகாது. பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அன்று ஜன்னலில் டாட்டா காட்டிய தன் கை கண்ணில் நின்றது. எரிகிறவர்களுக்கு டாட்டா காட்டியிருக்கிறாள். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பேச்சையும் கேட்டுச் சிரித்தார்கள், அப்படியே திரும்பி ஜன்னலையும் பார்த்துச் சிரித்தார்கள். கூட்டாளிகள் என்று இவளும் பதிலுக்குச் சிரித்திருக்கிறாள்.

ஒத்துக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் அன்று சாயங்காலம் துரைராஜ் அவளை அழைத்துப் போக வந்தார்.

துரைராஜ் தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஷெட்டில் கலாசியாக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கே போனாலும் அங்கே இருப்பவர்களைச் சிரிக்கவைக்காமல் திரும்ப மாட்டார். அன்று கார் ஷெட்டில் குடல் சரிந்து கிடந்த கேப்டனைக் குனிந்து பார்த்தார்.

“இன்னா சார், கேப்டனுக்கு ஆப்பரேசனா? ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போவாம டெய்லராண்ட வுட்டுட்டீங்களே! எம்பொண்ணு கொடல உள்ள தள்ளி கொக்கி வெச்சிடும், பரவால்லயா?”

தோத்தாத்ரி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று கையைத் தட்டினார். “வேதா! இந்தக் குரல்தான்! இந்தக் குரலேதான்!”

பழைய தொடரில் சேற்றர் கிழவனுக்குப் பேசிய நாடக நடிகர் இறந்துபோயிருந்தார். புது முடிவுக்குக் குரல் கிடைக்காமல் தோத்தாத்ரி தவித்துக்கொண்டிருந்தார். சேனல்காரர்கள், இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு நெருப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் இந்த முறை சேற்றர்கள் கேப்டன் காலில் விழுந்து மன்னிப்பு கேட்கிறார்கள். கேப்டன் குழாயைத் திறந்து அவர்களைக் குளிப்பாட்டுகிறான். பச்சை கரைந்து சுத்தமாகிவிடுகிறார்கள்.

“டி.வி.ல வருமா சார் எங்கொரலு?” என்று துரைராஜ் கேட்டார்.

“ஊரே கேக்கும், துரைராஜ்.”

வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் தபீதாள் வாயைத் திறந்தாள். கேசட்டில் பார்த்ததைச் சொன்னாள். குப்பை, சப்புக் கொட்டுவது, மூக்கைப் பிடித்தது எல்லாம்.

“அது காமெடிம்மா. நம்ம பாச டி.வி.ல வர்து. அதுக்கு சந்தோசப்படாம மூஞ்ச தூக்கினு கீறியே.”

“நம்ம பாசய குப்ப துன்றவனுக்கு வெச்சிக்கீறாங்க நைனா.”

“வெச்சா இன்னா? பாக்கறவன் சிரிக்கிறான்ல? ஷெட்டுல எத்தினி ஃபோர்மேன பாத்துக்கீறேன். கைய ஓங்கினு வருவான். நா ஒண்ணு சொல்லுவேன். சிரிச்சிடுவான். சிரிக்கிறவன் அடிக்க மாட்டாம்மா. என் சர்வீச அத்த வெச்சித்தான் ஓட்னேன்.”

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தோத்தாத்ரி மீது வந்த கோபத்தில் கொஞ்சம் அப்பா பக்கமும் திரும்பியது. அதற்காக அவளுக்குத் தன்மீதே வெறுப்பு வந்தது. “போவாத நைனா,” என்று மட்டும் சொன்னாள். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் நின்று, “உம்புருசன் டி.வி.ல வரப் போறான்டி,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ரெக்கார்டிங் தோத்தாத்ரி வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. ஜன்னல்களுக்குக் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். அப்படியும் ஏர்ஃபோர்ஸ் விமானம் பறக்கும்போதெல்லாம் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. துரைராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு, சர்ச்சுக்குப் போவது போலத் தலை வாரி மைக்குக்கு முன்னால் நின்றார். வேதா டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில். தபீதாள் ஒரு மூலையில் சேற்றர்களின் கிழிசல் துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். புதுத் துணியை வாங்கி, கத்தரியால் கிழித்து, அழுக்குச் சாயம் முக்கித் தைக்கச் சொல்லியிருந்தார்கள்.

“எசமான்! நாங்க அழுக்குப் பசங்க எசமான். எங்கள மன்னிச்சிடுங்க,” என்றார் துரைராஜ். கணீரென்று இருந்தது.

“பிரமாதம்!” என்றார் தோத்தாத்ரி. “இப்ப நடுநடுவுல அந்தச் சப்பற சத்தம் குடுங்கோ.”

துரைராஜ் சிரித்தபடி உதட்டைக் குவித்தார். குழந்தைக்கு முத்தம் கொடுப்பது போல ஒரு சின்னச் சத்தம் வந்தது.

“இது இல்லை. நாக்கைப் போட்டு. எச்சில் தெறிக்கணும்.”

மறுபடி முயன்றார். மறுபடியும் முத்தம்தான் வந்தது. வேதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“வெட்கப்படாதீங்கோ துரைராஜ். நடிக்கவே வேண்டாம். உங்காத்துல நீங்கள்ளாம் எப்படி சாப்பிடறேளோ, அப்படியே பண்ணுங்கோ. போறும்.”

தபீதாளின் ஊசி நின்றது.

“எங்க நைனா சாப்புட்றப்ப சத்தம் வராது சார்,” என்றாள்.

அந்தக் கூடத்தில் அவள் குரலை யாரும் அதுவரை சரியாகக் கேட்டதில்லை. வேதாவின் சிரிப்பு பாதியில் அறுந்தது. தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இது நடிப்பு. யாரையும் தனியா சொல்லலை.”

“சொன்னீங்க சார். உங்க வூட்ல எப்படி துன்றீங்களோன்னு சொன்னீங்க. எங்க வூட்ல வாய மூடினுதான் துன்னுவோம்.”

அவளுக்கே கேட்டது தன் குரல். சாரிடம் பேசுவதற்காக வைத்திருந்த பேச்சு எங்கோ போய், வீட்டுப் பேச்சு வந்துவிட்டிருந்தது. சேற்றர்கள் பேசுகிற அதே பேச்சு.

துரைராஜின் முகம் சுண்டிவிட்டது. “சும்மா இரும்மா! பெரியவங்க பேசறப்ப இன்னா அது? சார், தப்பா எடுத்துக்காதீங்க. சின்னப் பொண்ணு. இப்ப பாருங்க, நல்லா போட்றேன்.” மைக்குக்குக் கிட்டே போனார். வாயைத் திறந்தார். நாக்கை அசைத்தார். ஒன்றும் வரவில்லை. வெறும் மூச்சு. மறுபடி திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

மேலே விமானம் ஒன்று போனது. அது போய் முடியும்வரை எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

“பரவாயில்லை,” என்றார் தோத்தாத்ரி சலிப்போடு. “பேச்சை மட்டும் குடுங்கோ. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

தபீதாள் ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “எசமான், நாங்க அழுக்குப் பசங்க எசமான்.” அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. மீதித் துணியை வேறு யாரோ தைத்தார்கள்.

துரைராஜ் அவளோடு சில நாள் பேசவில்லை. ஆனால் தொடரின் கடைசி வாரம் வந்த அன்று டீக்கடை அரிகிருஷ்ணனையும் அழைத்து வந்து வீட்டு டி.வி. முன்னால் உட்காரவைத்தார். தபீதாள் மிஷின் பக்கத்தில் நின்றாள்.

பச்சைக் கிழவன் கேப்டன் காலில் விழுந்தான். “எசமான்! நாங்க அழுக்குப் பசங்க எசமான்.” துரைராஜின் குரல் வீடு நிறைய ஒலித்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே, அந்தக் குரலின் வாலைப் பிடித்துக்கொண்டு, ச்ளப், ச்ளப் என்று எச்சில் தெறிக்கும் சத்தம் வந்தது. அரிகிருஷ்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். “யோவ் துரை! பன்னி மாறியே கீதுயா! எங்கய்யா கத்துகின?”

“அது நா இல்ல,” என்றார் துரைராஜ்.

“உங்கொரலுதான்யா!”

“பேச்சு என்னுது. அந்த சத்தம் நா போடல.”

திரையில் கேப்டன் குழாயைத் திறந்தான். தண்ணீர் பட்டதும் பச்சை ஒழுகி ஓடிற்று. கிழவனின் முகம் வெளுத்தது. சுத்தமான வேட்டி ஒன்று அவன் இடுப்பில் இருந்தது. கிழவன் கையைக் கூப்பி, “தங்களுக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி, ஐயா,” என்றான். வேறு ஒருவர் குரல். செய்தி வாசிக்கிற குரல்.

துரைராஜ் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுவும் நா இல்ல,” என்றார். இந்த முறை அரிகிருஷ்ணனிடம் சொல்லவில்லை. மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்திருந்தால் அழுகை வந்திருக்காது, கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு டீக்கடையில் அவர் தலையைக் கண்டாலே யாராவது ஒருவன் நாக்கைச் சப்புக் கொட்டுவான். “வந்துட்டார்யா குப்ப துன்றவரு!” பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. தண்ணீர்க் குடத்தோடு போகும் தபீதாள் பார்த்திருக்கிறாள். முன்பெல்லாம் இப்படி யாராவது ஆரம்பித்தால் துரைராஜ் அதற்கு மேல் ஒன்றைப் போட்டு அவனையே காமெடி ஆக்கிவிடுவார். இப்போது ஒவ்வொருவனிடமும் தனித்தனியாக விளக்கிக்கொண்டிருந்தார். “பேச்சு மட்டும்தாம்பா என்னுது. சத்தம் அந்த வூட்டுக்காரரே போட்டுகினாரு. எனக்கு அந்த சத்தம் வராது. வேணும்னா எம்பொண்ண கேளு.” கேட்கிறவன் பதிலுக்கு ஒருமுறை சப்புக் கொட்டுவான். கொஞ்ச நாளில் அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ஒரு மத்தியானம் தபீதாள் அவருக்குத் தட்டு வைத்து, சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றினாள். அவர் பிசைந்தார். ஒரு கவளம் எடுத்து வாய் வரை கொண்டுபோனார். அங்கேயே கை நின்றது. வாயை இறுக்க மூடிக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா நைனா? முள்ளா?”

“இல்லம்மா.” கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். “நீ அந்தாண்ட திரும்பிக்கோயேன். நீ பாத்தா துன்ன வரல.”

அவள் திரும்பி மிஷினில் போய் உட்கார்ந்தாள். தைக்க வேண்டிய ரவிக்கை எதுவும் அப்போது கையில் இல்லை. ஒரு வெட்டுத் துணியை ஊசிக்குக் கீழே தள்ளி, பெடலை வேகமாக மிதித்தாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்திருக்கும்வரை நிறுத்தவில்லை.